தாம்பூலம் வாங்காதவள்

புது வீட்டில் பால் காய்ச்சிய அன்று பந்தி முடிந்து, வந்தவர்கள் எல்லாரும் கைகழுவி, வாசலில் குவிந்து கிடந்த செருப்புகளில் தங்களுடையதைத் தேடிப் போட்டுக்கொண்டு கிளம்பிப் போன பிறகு, கூடத்துப் பாயோரம் கிடந்த எச்சில் இலைகளை எடுக்கக் குனிந்த ரூபினிக்குக் கடைசி மூலையில் இருந்த ஓர் இலை மட்டும் கண்ணை உறுத்தியது. மற்ற இலைகளையெல்லாம் சாப்பிட்டவர்கள் தங்கள் பக்கமாக மடித்து வைத்திருந்தார்கள். அந்த இலை மட்டும் எதிர்ப்பக்கமாக, தள்ளி மடிக்கப்பட்டிருந்தது. சாவு வீட்டில் சாப்பிட்டால்தான் அப்படி மடிப்பார்கள்.

பிரித்துப் பார்த்தாள். ஒரு பருக்கை இல்லை. பாயசம் ஊற்றிய இடம்கூட நாக்கால் வழித்ததுபோல் துடைத்து வைத்திருந்தது. அடுப்புச் சூடும் ஆட்கள் சூடும் இன்னும் அடங்காத அந்தக் கூடத்தில் இலை மட்டும் ஐஸ்பெட்டியிலிருந்து எடுத்ததுபோல் சில்லென்று இருந்தது.

எதிர்வீட்டுச் சீனராக இருக்கும், அவருக்கு நம் வழக்கம் எங்கே தெரியப்போகிறது என்று நினைத்துக்கொண்டாள். உடனே ஞாபகம் வந்தது. அவருக்கு முட்டி வலி. நாற்காலியில் உட்கார்ந்து, தட்டில் வாங்கித்தான் சாப்பிட்டார்.

"ரூபி, அந்தப் பாய உதறிப் போடு. நான் கொஞ்சம் சாயணும், முதுகு போச்சு," என்றான் அவள் கணவன் திருச்செல்வம்.

அவள் இலையைச் சுருட்டிக் குப்பைப் பையில் திணித்தாள். நல்ல நாளில் எதையும் பெரிதுபடுத்தக்கூடாது என்று பார்த்தாள்.

இந்த வீட்டையும் இந்த ஊரையும் பிடிவாதம் பிடித்துத் தேர்ந்தெடுத்தவள் அவள்தான். நெடுஞ்சாலையில் சிம்பாங் ரெங்கம் டோல் சாவடியில் இறங்கி, செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே வளைந்து வளைந்து போனால், மலையின் காலடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் சின்ன டவுன், லெரெங். பிள்ளைகள் போதாமல் தவிக்கும் ஒரு தமிழ்ப்பள்ளி, ஒரு மாரியம்மன் கோயில், சாயங்காலமானால் மலையிலிருந்து இறங்கி வந்து தெருவில் நடக்கும் மூடுபனி. அவ்வளவுதான் ஊர். ஆனால் காற்று? மழையில் கழுவிக் காயப்போட்ட துணி மாதிரி இருக்கும்.

அந்தக் காற்றுக்காகத்தான் வந்தார்கள். நகரத்தில், பெர்மாஸ் ஜெயாவில் இருந்தவரை அவர்கள் மகள் தேன்மொழிக்கு மூச்சு ஒரு போராட்டமாகவே இருந்தது. புகைமூட்டம் வந்தால் போதும், நெஞ்சுக்குள் பூனைக்குட்டி அழுவதுபோல் ஒரு சத்தம் கிளம்பும். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். முகமூடியை மாட்டி, மருந்தைப் புகையாக்கி கேஸ் வைப்பார்கள். அந்த முகமூடிக்குள்ளிருந்து பிள்ளை தன் தாயைப் பார்க்கும் ஒரு பார்வை இருக்கிறதே, கண்ணுங்களா, அதை ஒரு தடவை பார்த்தவள் எந்த மலையடிவாரத்துக்கும் மூட்டை கட்டிவிடுவாள். திருச்செல்வத்துக்கு சிங்கப்பூரில் வேலை. வாரநாளில் அண்ணன் வீட்டில் தங்கிக்கொண்டு வெள்ளிக்கிழமை சாயங்காலம் வருகிறேன் என்று ஒத்துக்கொண்டான். ரூபினி தொழிற்சாலை வேலையை விட்டாள்.

பால் காய்ச்சுவதற்கு முந்தின நாள், தட்டில் குங்குமமும் வெற்றிலை பாக்கும் எடுத்துக்கொண்டு, மகளையும் கையில் பிடித்துக்கொண்டு, தெருவில் இருந்த எல்லா வீட்டுக்கும் போய் அழைத்தாள். கடைசி வீட்டில் கேட் பூட்டியிருந்தது. வாசலில் செருப்புகள் கிடந்தன. பெர்மாஸ் ஜெயாவில் இது தினம் பார்க்கும் காட்சி. பாதிப் பேர் விடியுமுன்னே பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போயிருப்பார்கள். பூட்டிய கேட்டில் குங்குமத்தை வைத்து, கம்பியில் வெற்றிலையைச் செருகிவிட்டால் அழைப்பு சேர்ந்ததாகக் கணக்கு. அதே பழக்கத்தில் இங்கேயும் செய்தாள். போதாததற்கு, மூடிய கதவைப் பார்த்து, "நாளைக்கு வீட்டுக்குப் பால் காய்ச்சுறோம், குடும்பத்தோட வந்துடுங்க," என்று வாய்விட்டும் சொல்லிவிட்டு வந்தாள்.

விருந்துக்கு மறுநாள், தெருமுனையில் குடைக்குக் கீழே தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக் விற்கும் வாசுகியிடம் பேச்சுவாக்கில் இதைச் சொன்னபோது, அவள் கரண்டியை அப்படியே நிறுத்தினாள்.

"கடைசி வீட்டுக்குமா வெச்ச? அலமாக்! அது ஆளில்லாத வீடு லா."

"செருப்பு கெடந்துச்சே அக்கா."

"அது எப்பவும் கெடக்கும். விடு. பூட்டின வீட்டுக்கு விருந்து சொன்ன மொத ஆளு நீதான். நான் இங்க குடிவந்தப்போ எனக்குக்கூட யாரும் இவ்ளோ மரியாதையா சொல்லல," என்று சிரித்தாள் வாசுகி. சிரிப்பு சீக்கிரமே நின்றுவிட்டது. "வெத்தல வாடிக் கெடக்கும். போய் எடுத்துடு."

ரூபினி போனாள். கம்பியில் வெற்றிலை இல்லை. கேட்டில் வைத்த குங்குமமும் இல்லை. மழையில் வழிந்த தடம் இல்லை. யாரோ விரலால் ஒரே இழுப்பாக எடுத்ததுபோல் துருவுக்கு நடுவே ஒரு சுத்தமான கோடு மட்டும் இருந்தது.

ஆனால் அவள் பயந்துபோய் உட்கார்ந்துவிடவில்லை. உட்கார நேரமில்லை. ஏனென்றால் விருந்து நடந்த அன்றிலிருந்து தேன்மொழிக்கு இளைப்பு வரவில்லை. பூனைக்குட்டிச் சத்தம் போன இடம் தெரியவில்லை. பிள்ளை ஓடினாள். மேட்டில் ஏறி இறங்கினாள். தூங்கும்போது சுவருக்கு அந்தப்பக்கமிருந்து வரும் மூச்சு ஆற அமர, நீளமாக, பெரிய மனுஷி மூச்சுபோல் வந்து போயிற்று. ரூபினி அடுப்படியில் நின்று அதைக் கேட்டுக் கேட்டு அழுதாள்.

பிறகுதான் சின்னச் சின்னதாக ஏதோ நெருட ஆரம்பித்தது.

வீட்டில் விருந்தாளி தங்கியிருந்தால் நாம் எப்படி நடந்துகொள்வோம்? குரலைத் தணித்துப் பேசுவோம். கலைந்த தலையை ஒதுக்கிக்கொள்வோம். குளியலறைக் கதவைத் தாழ் போடுவோம். ரூபினி தன்னை அறியாமல் இதையெல்லாம் செய்துகொண்டிருந்தாள். மகளும் தானும் மட்டும் இருக்கும் வீட்டில், கூடத்தைக் கடக்கும்போது சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டாள். ஒரு கைப்பிடி அரிசி கூடப் போட்டாள். அந்தச் சோறு மிஞ்சவும் இல்லை. சாயங்காலம் மூடுபனி இறங்கி ஜன்னல் வெளுக்கும் நேரத்தில், மென்ற வெற்றிலையும் காயாத துணியும் சேர்ந்த ஒரு வாசனை கூடத்து மூலையில் வந்து தங்கியது. சுருட்டி நிறுத்திய பாய், அவள் துணி மடித்துவிட்டுத் திரும்பும்போது விரிந்து கிடந்தது. சுருட்டினாள். விரிந்து கிடந்தது. அதன் ஓரத்தில் ஓர் ஆள் உட்கார்ந்து எழுந்த அளவுக்கு ஈரம்.

வெள்ளிக்கிழமை வந்த திருச்செல்வம் வாசலில் ஓடும் மகளைப் பார்த்தபடி மைலோ குடித்தான்.

"என்னங்க, நாம பழைய எடத்துக்கே போயிடலாமா?" என்றாள் ரூபினி.

"என்னது? வாய் ஓயாம மல, மலன்னு நின்னது யாரு, என் மாமியாரா?"

"வீட்டுல யாரோ இருக்காங்க."

"இருக்காங்களே. நானு, என் தொப்ப." சிரித்தான். அவள் சிரிக்காததைப் பார்த்து டம்ளரைக் கீழே வைத்தான். "ரூபி, வந்ததுலேருந்து ஒரு தடவ கேஸ் வெச்சோமா? அந்த முகமூடிய மறுபடியும் அவ மூஞ்சில மாட்டணும்னு நீ சொல்லு. இப்பவே கெளம்பலாம்."

அவள் டம்ளரை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.

அடுத்த வாரத்தில் ஒரு நாள் மத்தியானமே வானம் இருண்டு மழை கொட்டியது. பள்ளிவிட்டு வந்த தேன்மொழி சாப்பிட்டுவிட்டுப் படுத்தவள், விளக்கு வைக்கும் நேரமாகியும் எழுந்திருக்கவில்லை. எழுப்பப் போன ரூபினி அறை வாசலிலேயே நின்றாள். பிள்ளை சுவரோரம் ஒடுங்கிப் படுத்திருந்தாள். மூச்சுச் சத்தம் கேட்டது, நீளமாக, நிதானமாக. ஆனால் சத்தம் சுவரோரத்திலிருந்து வரவில்லை. கட்டிலின் இந்தப் பக்கத்திலிருந்து வந்தது. வெறுமையாக இருந்த பாதியிலிருந்து. அங்கே தலையணை குழிந்திருந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் அந்தக் குழி கொஞ்சம் ஆழமாகி, கொஞ்சம் மேலே வந்தது.

"தேனு," என்றாள்.

தேன்மொழி கண்ணைத் திறந்தாள். உதட்டில் விரல் வைத்தாள்.

"சத்தம் போடாதம்மா. ஆன்ட்டி தூங்குறாங்க."

"எந்த ஆன்ட்டி?"

"விருந்துக்கு வந்த ஆன்ட்டி. அவங்க இன்னும் போகலையே." பிள்ளை அம்மாவை ஒரு மாதிரியாகப் பார்த்தாள், இதுகூடத் தெரியாதா என்பதுபோல். "வாசல்ல நின்னு எல்லாருக்கும் தாம்பூலப் பை குடுத்தேன்ல? அவங்க வர்றப்போ பை முடிஞ்சிருச்சு. வாங்காம எப்படிம்மா போவாங்க? நீதானே சொன்ன, யாரையும் வெறுங்கையா அனுப்பக்கூடாதுன்னு."

தலையணைக் குழி அசையாமல் நின்றது. யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்பதுபோல்.

ரூபினி பிள்ளையை அள்ளிக்கொண்டு வாசுகி வீட்டுக்கு ஓடினாள். அன்றைக்கு அங்கேயே படுத்தார்கள். அங்கேயும் அந்த நீண்ட மூச்சு கேட்டது. வாசலுக்கு வெளியே நின்று, கதவோடு வாயை வைத்ததுபோல்.

விடிந்ததும் வாசுகி சோற்றில் வாசனைக்குப் போடும் பாண்டான் இலையைக் கழுவிக்கொண்டே, கேட்காமலே சொன்னாள்.

"கடைசி வீட்டுல இருந்த புருஷன் பொஞ்சாதியும் பிள்ளைக்காகத்தான் வந்தாங்க. சின்னக் கொழந்த. நம்ம தேனு மாதிரியே மூச்சு வாங்கும். அந்தப் பொம்பள அத மடியிலேயே வெச்சிருப்பா, கீழ விட்டு நான் பாத்ததில்ல. ஒரு நாள் கதவு பூட்டுனது பூட்டுனதுதான். போலீஸ் வந்து தொறந்து பாத்தாங்க. உள்ள யாரும் இல்லன்னுட்டாங்க."

"எங்க போனாங்க?"

"செருப்பு போடாம எங்க போக முடியும்?" என்றாள் வாசுகி. கொல்லையில் படர்ந்திருந்த கொடியிலிருந்து வெற்றிலையைக் கிள்ளி ஈரத்தோடு ரூபினி கையில் வைத்தாள்.

அன்று சாயங்காலம் ரூபினி குளித்து, புடவை கட்டிக்கொண்டாள். தட்டில் வெற்றிலை பாக்கு, மஞ்சள், குங்குமம், வாழைப்பழம், புது ரவிக்கைத் துணி. ஒரு சுமங்கலியை அனுப்பும்போது என்னென்ன வைக்க வேண்டுமோ அத்தனையும் வைத்தாள். தேன்மொழி கூடத்தில் குப்புறப் படுத்து வண்ணப் பென்சிலால் படம் வரைந்துகொண்டிருந்தாள். ரூபினி சாமி விளக்கை ஏற்றிவிட்டு, வாசற்படியில் நின்று, தட்டை இரண்டு கையாலும் வெளியே நீட்டினாள். பனி கேட்டுவரை வந்திருந்தது. எதிர்வீடு தெரியவில்லை. தெருவிளக்கு, பாலில் விழுந்த மஞ்சள் கறைபோல் எங்கோ மேலே நின்றது.

"அக்கா," என்று கூப்பிட்டாள். வேறு எப்படிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. "வந்து சாப்ட்டதுக்கு ரொம்ப சந்தோஷம். கவனிக்காம விட்டது எங்க தப்பு. மனசுல வெச்சுக்காதீங்க. எடுத்துக்குங்க."

வெகுநேரம் ஒன்றுமில்லை. முதுகுக்குப் பின்னால் பென்சில் உரசும் சத்தம்.

பிறகு வெற்றிலை வாசனை அவள் தோளுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. ஈரத்துணி ஒன்று அவள் முழங்கையை உரசிக்கொண்டு போனது. தட்டின் கனம் குறைந்தது. அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். படியில் ஓர் அடி. சிமெண்டில் ஓர் அடி. கேட்டின் தாழ்ப்பாள் தூக்கும் ஓசை, அப்புறம் விழும் ஓசை.

போயிற்று.

கண்ணைத் திறந்தாள். தட்டு காலி. வீடு அவளுடைய வீடாக இருந்தது. அது உடம்புக்கே தெரிந்தது. புடவைத் தலைப்பை நழுவவிட்டு, கதவில் சாய்ந்து, வாய்விட்டு ஒரு பெருமூச்சு விட்டாள்.

பென்சில் சத்தம் நின்றிருந்தது.

திரும்பினாள். பென்சில் தரையில் உருண்டு போய்க்கொண்டிருந்தது. தேன்மொழி எழுந்து உட்கார்ந்திருந்தாள். வாய் திறந்திருந்தது. கண்கள் அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தன.

இளைப்பு என்றால் சத்தம் இருக்கும். காற்று உள்ளே போகச் சண்டை போடும். இங்கே சண்டை இல்லை. சத்தம் இல்லை. நெஞ்சு மூச்சை இழுக்க முயலவே இல்லை. மூச்சுவிடுவது எப்படி என்பதை அந்த உடம்பு மறந்தே போயிருந்தது.

ரூபினி இளைப்புக்கான மருந்துக் குழாயைப் பிள்ளையின் வாயில் வைத்து அழுத்தினாள். மருந்து புகையாகத் திரும்பி வெளியே வந்தது. மறுபடி. மறுபடி. உதடு நீலமாகிக்கொண்டு வந்தது. வாயோடு வாய் வைத்து ஊதினாள். பூட்டிய கதவில் ஊதுவதுபோல் இருந்தது. குளுவாங் ஆஸ்பத்திரி தூரம். மலைப்பாதை. பனி. அதுவரை எப்படித் தாங்கும்?

அப்போது அவளுக்குப் புரிந்தது. இத்தனை நாள் சுவருக்கு அந்தப்பக்கம் கேட்ட மூச்சு யாருடையது என்று. யாருக்காக என்று. சோறு போட்ட வீட்டுக்கு அந்தப் பெண் என்ன திருப்பித் தந்துகொண்டிருந்தாள் என்று. அதைத்தான் இவள் தட்டில் வெற்றிலை வைத்து வெளியே அனுப்பியிருக்கிறாள்.

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெறுங்காலோடு வாசலுக்கு ஓடினாள்.

"அக்கா! அக்கா, போகாதீங்க!"

பனி.

"தெரியாம செஞ்சுட்டேன். வாங்க. உள்ள வாங்க. எத்தன நாள் வேணும்னாலும் இருங்க. இது உங்க வீடு." கையில் பிள்ளையின் தலை பின்பக்கமாகத் துவண்டு விழுந்தது. "தனியா வேணாம். எல்லாரையும் கூட்டிட்டு வாங்க. எல்லாரையும். அக்கா!"

கேட்டின் தாழ்ப்பாள் மெல்லத் தூக்கப்பட்டது.

ஈரத்துணி அவளை உரசிக்கொண்டு உள்ளே போயிற்று. அதற்குப் பின்னால் கனமான அடி ஒன்று. வாசற்படியில் அது ஒரு கணம் நின்றது, செருப்பைக் கழற்றும் பழக்கத்தில்.

கூடத்துப் பாயில் பிள்ளையைக் கிடத்தினாள். பக்கத்தில், காலியான இடத்தில், மூச்சு தொடங்கியது. நீளமாக. நிதானமாக. தேன்மொழியின் உதட்டில் நிறம் திரும்பியது. கண் சுழன்று அம்மாவைக் கண்டுபிடித்தது.

"அம்மா நான் வரைஞ்ச படத்தப் பாரேன் இது நம்ம வீடு இது மல இது நீ இது ஆன்ட்டி இது அங்கிள் அப்பாவுக்கு எடம் இல்ல அதான் வெளிய வரைஞ்சிருக்கேன் வெள்ளிக்கிழம வந்தா காட்டலாம்மா சரியா," என்றாள். நடுவில் ஓர் இடத்திலும் மூச்சு எடுக்கவில்லை.

ரூபினி மகளின் நெஞ்சில் கையை வைத்தாள். இதயம் அடித்துக்கொண்டிருந்தது. நெஞ்சு எழவில்லை. இறங்கவில்லை. ஆற்றங்கல் மாதிரி கையடியில் அப்படியே இருந்தது.

கையை எடுத்துக்கொண்டாள். சுவரில் சாய்ந்து, காலை மடக்கி உட்கார்ந்தாள். ஓடவில்லை. எங்கே ஓடுவது? பாயின் அந்தப் பக்கத்தில் மூச்சு போய்ப் போய் வந்தது. சோர்ந்திருந்தது. இரண்டு வேலை பார்க்கும் பெண்ணின் மூச்சு. நடுவில் ஒரு தடவை நின்றது. காத்திருந்தது. எதையோ எதிர்பார்த்து.

பிறகு அவள் மடியில் ஏதோ ஏறியது.

சின்னது. கனமே இல்லை. ஈரம். முழங்கால் வழியாக, புடவையைப் பிடித்துக்கொண்டு, தட்டுத் தடுமாறி. வயிற்றோடு ஒட்டிச் சுருண்டது. மடி பழகிய பிள்ளை சுருள்வதுபோல். குளிர்ந்த தலை ஒன்று அவள் மார்பில் சாய்ந்தது.

அதனிடம் மூச்சே இல்லை.

ரூபினி தன் வாயைப் பொத்திக்கொண்டாள். மூச்சை அடக்கினாள். முடிந்தவரை. காது அடைத்தது. கண் இருண்டது. பாயின் அந்தப் பக்கத்து மூச்சும் கூடவே நின்றது. பாயில் தேன்மொழி அம்மாவைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் உதடு மறுபடி, ஓரத்திலிருந்து, நீலமாகத் தொடங்கியது.

ரூபினி கையை எடுத்தாள். மூச்சை இழுத்தாள்.

மடியில் ஒரு சின்ன நெஞ்சு மேலே எழுந்தது.